1848இல் கூடிய இரண்டு கூட்டங்கள்

டென்மார்க்கின் 1848ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மார்ச் 21இல்தான் தொடங்குகிறார்கள். அன்று கோபன்ஹேகனில் ஏறத்தாழ 15,000 பேர் கிறிஸ்டியான்ஸ்போர் அரண்மனையை நோக்கி நடந்தார்கள். தாராளவாத அரசியல் தலைவர் ஓர்லா லேமன் எழுதிய மனு அவர்கள் கையில் இருந்தது. நம்பிக்கையிழந்த மக்கள் தாங்களே காரியத்தில் இறங்கும் நிலைக்குத் தள்ளிவிட வேண்டாம் என்று மன்னரிடம் கேட்ட மனு அது. ஏழாம் பிரடெரிக் அரியணை ஏறி இரண்டு மாதமே ஆகியிருந்தது. பழைய அமைச்சர்களை ஏற்கெனவே விலக்கிவிட்டேன் என்றார். கூட்டம் அமைதியாக வீடு திரும்பியது. பாரிசிலும் பெர்லினிலும் தெருக்களில் ரத்தம் ஓடிய அதே ஆண்டில், 1660 முதல் நீடித்த வரம்பற்ற முடியாட்சி இங்கே இப்படி முடிவுக்கு வந்தது. டேனியர்கள் இதற்காகப் பெருமைப்படட்டும். பெருமைக்கு உரியதுதான்.

ஆனால் அதே மன்னரின் ஆட்சியில், அதே ஆண்டில், இன்னொரு கூட்டமும் கூடியது. அதை ஒரு பின்குறிப்பாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கரீபியக் கடலில் செயின்ட் குரோய் தீவு அப்போது டென்மார்க்குக்குச் சொந்தம். 1803இலேயே அடிமை வணிகத்தை நிறுத்திய நாடு என்று டென்மார்க்குக்குப் பெயர். வணிகம் நின்றது, கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். 1847 ஜூலையில், ஏழாம் பிரடெரிக்கின் தந்தையும் அன்றைய மன்னருமான எட்டாம் கிறிஸ்டியான் ஓர் ஆணை போட்டார்: இனிப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே விடுதலை, மற்றவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. இந்த ஆணையை ஒரு குடிசைக்குள் வைத்துப் பாருங்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை சுதந்திரப் பிறவி. பால் கொடுக்கும் தாய் அடிமை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு வயது அக்காளும் அடிமை; அவளுக்கு விடிய 1859 ஆக வேண்டும். இதைக் கருணை என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு உள்ளம் கொதிக்கிறது.

1848 ஜூலை 2 இரவு தோட்டங்களில் மணியும் சங்கும் ஒலித்தன. மறுநாள் அந்தத் தீவின் பிரடெரிக்ஸ்டெட் நகரக் கோட்டை முன்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். சவுக்கடி கொடுக்கும் கம்பத்தைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார்கள். கோட்டையில் பீரங்கி இருந்தது அவர்களுக்குத் தெரியும். மாலைக்குள் விடுதலை வேண்டும் என்றார்கள். ஆளுநர் பீட்டர் ஃபான் ஷோல்டன் வந்தார். நீங்கள் இப்போதே விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்தார். மன்னரின் பன்னிரண்டு ஆண்டுக் கெடு ஒரே நாளில் செல்லாமல் போனது. மார்ச் மாதக் கூட்டத்தைவிட இவர்கள் துணிந்தது பல மடங்கு பெரியது என்பது என் முடிவு. அரண்மனைக்கு நடந்தவர்கள் மனு தோற்றாலும் வீடு திரும்பியிருப்பார்கள். இவர்களுக்குத் திரும்பிப்போகத் தோட்டம்தான் இருந்தது.

தரங்கம்பாடிக் கோட்டை மதிலில் நின்றபோதுதான் இதெல்லாம் எனக்குள் ஓடியது. 1845இல் டேனியர்கள் தங்கள் வசமிருந்த அந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். கடல் கடந்த ஊர்களும் மனிதர்களும் அந்த அரசுக்குக் கணக்கேட்டில் ஒரு வரியாகவே இருந்தார்கள்.

1849 ஜூன் 5இல் டென்மார்க்கில் அரசியல் சட்டம் வந்தது. முப்பது வயது நிரம்பிய, சொந்தக் குடித்தனம் உள்ள ஆண்களுக்கு வாக்கு. பெண்களுக்கும் பிறர் வீட்டு வேலையாட்களுக்கும் இல்லை. பெண்கள் 1915 வரை காத்திருந்தார்கள். செயின்ட் குரோயில் விடுதலை பெற்றவர்களுக்கு 1849இல் கிடைத்தது ஒரு தொழிலாளர் சட்டம். ஆண்டு ஒப்பந்தங்களால் பழைய தோட்டங்களிலேயே அது அவர்களைக் கட்டிப்போட்டது. அந்தச் சட்டத்துக்கு எதிராக 1878இல் தீவு மறுபடி தீப்பற்றி எரிந்தது.

ஜூலைக் கூட்டத்தை முன்நின்று நடத்தியவரைப் புடோ என்று அழைத்தார்கள். கலவரத்தின்போது வெள்ளையர் உயிர்களைக் காத்தவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அவரைக் கைதுசெய்து, 1849 தொடக்கத்தில் கப்பலேற்றி டிரினிடாடில் இறக்கிவிட்டார்கள். கோபன்ஹேகனில் அரசியல் நிர்ணய சபை அப்போது குடிமக்களின் உரிமைகளைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது.