பூபர் பெயரைச் சொல்லி வாயை அடைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். கேள்வி கேட்ட பெண்ணிடம் "மார்ட்டின் பூபரைப் படிங்க, உரையாடல்னா எதிரில் இருப்பவரை ஏத்துக்கிறது" என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார்களே, அதுதான் மனசு ஆறவில்லை. ஒருவரைப் பேசவிடாமல் செய்ய அந்த யூதத் தத்துவஞானியின் பெயரா கிடைத்தது?

பூபர் ஒத்துப்போகச் சொல்லவில்லை. 1923இல் வந்த 'நானும் நீயும்' நூலில் அவர் சொல்வது இரண்டு நிலைகளை. ஒருவரை அளந்து, வகை பிரித்து, பயன்படுத்திக்கொண்டால் 'நான்–அது'. முழு ஆளாக அவர் முன்னால் நின்றால் 'நான்–நீ'. 'அது' பாவமில்லை, அது இல்லாமல் வீடு கட்ட முடியாது, வைத்தியம் பார்க்க முடியாது. எந்த 'நீ'யும் மறுபடி 'அது'வாகத்தான் போகும் என்பதையும் அவரே சொல்கிறார். 'அது' மட்டுமே மிஞ்சும்போதுதான் மனிதன் கெடுகிறான்.

பின்னாளில் பேச்சை மூன்றாகப் பிரித்தார்: உண்மையான உரையாடல், காரியத்துக்கான பேச்சு, உரையாடல் வேஷம் போட்ட தனிமொழி. மூன்றாவதில் ஆளுக்கு ஆள் மாறிமாறிப் பேசுவார்கள், ஆனால் அவரவர் தன்னோடுதான் பேசிக்கொண்டிருப்பார். அடுத்தவர் பக்கத்தை உள்ளேயிருந்து உணர வேண்டும், தான் நிற்கும் இடத்தையும் மறக்கக் கூடாது. அவர் கேட்டது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். ஒத்துப்போவதை அல்ல.

1957இல் மிச்சிகன் பல்கலைக்கழக மேடையில், சிகிச்சையின்போது தானும் வந்தவரும் சமமாகவே சந்திப்பதாக உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்னார். 79 வயது பூபர் தலையாட்டவில்லை. உதவி தேடி வந்தவரும் உதவுபவரும் ஒரே இடத்தில் இல்லை, நல்லெண்ணம் இருப்பதால் அந்த வித்தியாசம் போய்விடாது என்றார். மைக் யார் கையில் இருக்கிறது என்பதும் அதே வித்தியாசம்தான்.

"அவர் ஆன்மிகவாதி, அமைதியை நாடியவர்" என்பீர்கள். 1914 வாக்கில், ஒரு காலைநேர ஆன்மிகப் பரவசத்துக்குப் பிறகு, தன்னைத் தேடி வந்த இளைஞனிடம் அவர் அன்பாகத்தான் பேசினார். கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னார். அவன் கேட்காமல் மனதில் வைத்திருந்த கேள்வியைத்தான் கவனிக்கவில்லை. அவன் உயிரோடு இல்லை என்று பின்னால் தெரிந்தது. அதன்பின் அந்தப் பரவச வாழ்க்கையையே கைவிட்டார். அவன் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அவரை அப்படி உலுக்கியது. இங்கே அந்தப் பெண் வாய்விட்டே கேட்டாள்.

காந்தியிடமும் அவர் ஒத்துப்போகவில்லை. ஜெர்மனி யூதர்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்று 1938 நவம்பர் 'ஹரிஜன்' இதழில் காந்தி எழுதினார். அந்த வருஷம்தான் பூபர் ஜெர்மனியை விட்டு ஜெருசலேம் வந்திருந்தார். 1939 பிப்ரவரியில் எழுதிய நீண்ட கடிதத்தில், தென்னாப்பிரிக்க இந்தியர் பட்டதையும் வதைமுகாமையும் ஒன்றாக வைக்க முடியாது என்று மறுத்தார். மரியாதை குறையவில்லை, மறுப்பும் குறையவில்லை.

"என்ன சாதித்தார்? பாலஸ்தீனத்தில் யூதரும் அரபுகளும் சமமாக ஆளும் ஒரே நாடு என்று 1942இல் ஆரம்பித்த 'இஹூத்' அமைப்பு தோற்றதே?" தோற்றதுதான். அதற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. 1962இல், 84 வயதில், யூதப் படுகொலையில் முக்கியப் பங்கு வகித்த நாஜி அதிகாரி ஐக்மனைத் தூக்கிலிட வேண்டாம் என்று இஸ்ரேல் பிரதமர் பென் குரியனிடமே கேட்டார். சொந்த மக்கள் கோபப்படுவார்கள் என்று தெரிந்தேதான் கேட்டார்.