நோர்மால் குழு கிராமத்தாரைக் கேலி செய்யவில்லை

நெதர்லாந்தின் நோர்மால் இசைக்குழு, கிராமத்தாரைக் கேலி செய்வதற்காக டச்சு மொழியைக் கொச்சைப்படுத்திப் பாடியது என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 1975இல் ஆக்டர்ஹூக் வட்டாரத்தில் உருவான இக்குழுவின் பாடகர் பென்னி யோலிங்க், ஹும்மலோ என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். தாம் வளர்ந்த மண்ணின் பேச்சிலேயே அவர் பாடினார். அப்பேச்சு டச்சின் கொச்சை வடிவம் அன்று; நெதர்லாந்தின் வடகிழக்கிலும் வட ஜெர்மனியிலும் வழங்கும் தாழ் சாக்சன் என்னும் வட்டார மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. வட்டார மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தை 1996இல் ஏற்றபோது நெதர்லாந்து அரசே தாழ் சாக்சனுக்கு அங்கீகாரம் அளித்தது. குழுவினரிடம் குறும்பும் கூத்தும் நிறையவே இருந்தன, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1977இல் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த 'ஊரென்ட் ஹார்ட்' பாடல், நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் பெர்ட்டஸும் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் டீனஸுமாக இருவர் கண்மண் தெரியாத வேகத்தில் பறந்து விபத்தில் மாண்டுபோவதைச் சொல்கிறது. அதில் கேலிக்கு ஆளாகும் கிராமத்தான் எவரும் இல்லை.