ஜூலையில் கோவா போனால் என்ன தப்பு?

ஜூலையில் கோவா என்று சொல்லிப் பாருங்கள். சென்னையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மழையில போய் ரூமுக்குள்ளயே உட்கார்ந்திருக்கவா?" என்னைக் கேட்டால், போக வேண்டிய மாதமே அதுதான். ஆனால் கடலில் குளித்தே தீர வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து டிக்கெட் போடாதீர்கள்.

நமக்கு அடைமழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிடும். நாம் இங்கே ஃபேனுக்குக் கீழே வெந்துகொண்டிருப்போம். சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மி.மீ. கோவாவில் அதைப் போல இரண்டு மடங்கு, அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள்.

எனக்குக் கோபமெல்லாம் பேக்கேஜ் விற்பவர்கள் மேல்தான். ஆடித் தள்ளுபடி மாதிரி விலையைக் குறைத்து, டிசம்பரில் எடுத்த நீலக்கடல் படத்தை ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஜூலைக் கடல் பழுப்பாகப் பொங்கும். மணலில் போட்டிருந்த ஷாக் (shack) என்கிற கொட்டகைச் சாப்பாட்டுக் கடைகளை ஜூன் தொடக்கத்திலேயே பிரித்திருப்பார்கள். பாராசெய்லிங் கிடையாது. கரையில் சிவப்புக் கொடி. அதைப் பார்த்தபின்னும் முழங்கால் அளவுதானே என்று இறங்குகிற வீரர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மீன் விஷயமும் அப்படித்தான். நம் பக்கம் தடைக்காலம் ஜூன் 14-உடன் முடிகிறது; அங்கே விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. தட்டில் வருவது ஐஸ் மீனா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அப்புறம் எதற்குப் போக வேண்டும்? மழைக்குத்தான். பணஜியை ஒட்டிய ரிபந்தரிலிருந்து சோராவ் தீவுக்கு ஃபெர்ரி போகிறது. பைக்காரர்கள் வண்டியை விட்டு இறங்காமல் ரெயின்கோட்டோடு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். மாண்டவி ஆற்றின் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு கரையும் தெரியாது; யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. தீவுகளில் நாற்று நடவு நடக்கும். செம்புறாங்கல் மதில்களில் பாசி, அதன் இடுக்கில் பெரணி. ஜூன் 24-ஐ ஒட்டிப் போனால் சாவ் ஜுவாவ் திருவிழா, பூமுடி சூடிக்கொண்டு கிணற்றில் குதிப்பார்கள். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். ஊர் திரும்பும்வரை காயாது.

சரி, கடல்தான் வேண்டும், அதுவும் ஜூலையில்தான் லீவு என்றால்? இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போங்கள். நம்மைப் போலவே அவர்களுக்கும் மழை வருஷக் கடைசியில்தான். மிரிஸ்ஸ, ஹிக்கடுவ இருக்கும் தென்மேற்குக் கரையில் அலை சீறிக்கொண்டிருக்கும்போது, திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளியில் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். 'இலங்கை பீச் டூர்' என்று யாராவது விற்றால், எந்தக் கரை என்று முதலில் கேளுங்கள். கொழும்பில் இறங்கியபின் அரை நாள் சாலைப் பயணம் உண்டு, அலுப்புத்தான். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டோக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம்.