பவுசருக்கு ரிப்பன் கட்டினால் கைதட்டத்தான் வேண்டுமா?

எங்கள் ஊருக்குத் தண்ணி கொண்டுவருகிற பவுசர் வண்டிக்கு ரிப்பன் கட்டித் தொடக்கிவைத்த படம் ஒன்று வந்ததே, முந்தாநாள் அதற்குக் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி. "மார்கழியில் படகு, ஆவணியில் பவுசர், இடையில் கிடந்த ஏழு மாதமும் என்ன செய்தீர்கள்?" அவ்வளவுதான். அதற்குள் நான் நன்றி கெட்டவன், அரசியல் செய்பவன், ஊருக்கு வந்த தண்ணியைத் தடுக்க நிற்பவன். நேரில் கண்டால் வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவர் இன்பொக்சில் எழுதியதை இங்கே போட்டால் என் மகள் வாசித்துவிடுவாள். விடுவோம்.

இரண்டு நாள் பொறுத்துவிட்டேன். இப்போது ஆறுதலாகச் சொல்கிறேன். பவுசர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரும்பவும் சொல்கிறேன், பவுசர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாகத்துக்குத் தண்ணி கொண்டுவருகிற வண்டியை எவன் வேண்டாம் என்பான்? அதற்கு ரிப்பன் கட்டி, தேங்காய் உடைத்து, பதினொரு பேர் வரிசையாய் நின்று படம் எடுத்ததைத்தான் கேட்டேன். ஒரு ஊருக்குப் பவுசர் வருகிறதென்றால் அங்கே செய்ய வேண்டிய ஒரு வேலை செய்யப்படாமல் கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கு எதற்கப்பா பூசைத் தட்டு?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். பெயர் போடாதே என்று அம்மா சொல்லியிருக்கிறார், போடவில்லை. உன்னிச்சைக் குளம் எங்களுக்கு மேற்கே. குளத்தின் வான்கதவைத் திறந்தால் தண்ணி எங்கள் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், வந்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகும். அதே குளத்துத் தண்ணிதான் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவியைத் தாண்டி மட்டக்களப்பு நகரத்துக்கும் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் குழாயில் போகிறது. நல்ல விசயம். நான் இப்போது நகரத்தில் இருக்கிறேன், காலையில் குளிப்பது அந்தத் தண்ணியில்தான். ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் வந்த திட்டம். அந்தக் கடனை நாடே சேர்ந்து கட்டுகிறது, அம்மா வாங்குகிற சவர்க்காரத்துக்கு அறவிடுகிற 18 வீத வற் வரியும் அதற்குள் அடக்கம். குளத்துக்குப் பக்கத்து ஊர்கள் எங்கள் தண்ணி எங்களுக்கு எங்கே என்று கேட்டுக் களைத்து, வீதிக்கு இறங்கியும் கேட்டன. சில ஊருக்குத் தண்ணி வந்தது. எங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்தது, மீற்றர் வந்தது, தண்ணி மட்டும் வரவில்லை. திறந்தால் உஸ் என்று காற்றுத்தான். குழாய்க்குள் குளவி கூடு கட்டாமல் இருக்க அம்மா அதன் வாயில் ஒரு சிரட்டையை மாட்டி வைத்திருக்கிறார்.

கிணறு இருக்கிறதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. ஆவணியில் அடியில் ஒரு முழம் கலங்கல் தண்ணி, அதுவும் இரும்பு. அதில் தேத்தண்ணி போட்டால் கறுத்து, மேலே எண்ணெய் படர்ந்த மாதிரி ஆடை கட்டும். வெள்ளைத் துணி கட்டி வடித்தால் இரண்டு நாளில் துணி சாமியார் வேட்டியாகிவிடும். மார்கழியில் அதே கிணறு வாய் வரைக்கும் நிரம்பி, மலசலகூடக் குழித் தண்ணியும் அதற்குள் சேர்ந்துவிடும். வெள்ளம் வற்றினால் இறைத்து, குளோரின் போட்டு, மறுகா இறைக்க வேண்டும். அதாவது தண்ணி கூடினாலும் குடிக்க முடியாது, குறைந்தாலும் குடிக்க முடியாது. ஒரே கிணறு, ஒரே வளவு, ஒரே கிழவி. ஆனால் மார்கழிக் கதைக்கு ஒரு அலுவலகம், ஆவணிக் கதைக்கு வேறொரு அலுவலகம்.

சரி, காசுக் கதைக்கு வருவோம். அதைத்தான் நான் அந்த ஒரு வரியில் கேட்டேன்.

எங்கள் பக்கம் மழை ஐப்பசியில் பிடித்து தையில் விடும். மாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும் பெரும்பாலும் நிலம் காய்ந்து கிடக்கும். வாய்க்கால் தோண்ட, மதகு கட்ட, குளக்கட்டை உயர்த்த அந்த மாதங்கள்தான் தோது. அரசாங்கத்தின் நிதியாண்டோ ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. 2025க்கான வரவுசெலவுத் திட்டம் நிறைவேறவே மார்ச் மூன்றாம் வாரமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒதுக்கீடு மாவட்டத்துக்கு வர வேண்டும். மதிப்பீடு போட வேண்டும். கேள்விப்பத்திரம் கோர வேண்டும், அதை யாராவது ஆட்சேபிக்க வேண்டும் (இது கட்டாயம்), செலவுக்கான காசை, அதாவது கட்டுநிதியை, விட வேண்டும். கொந்தராத்துக்காரர் மண் தோண்டுகிற பெக்கோவைக் கொண்டுவந்து இறக்குகிற அன்றைக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வரும். பெக்கோ சேற்றில் நிற்கும். டிசம்பர் 31க்குள் செலவழியாத காசு திறைசேரிக்குத் திரும்பிப் போகும். அடுத்த வருடம் கூட்டத்தில் பேச்சு வரும், இந்த மாவட்டத்துக்குக் கொடுத்தாலும் செலவழிக்கத் தெரியாது என்று.

வெள்ளாமை வெட்ட நிற்பவனிடம் விதைநெல்லைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏன் விதைக்கவில்லை என்று கேட்பதா?

வெள்ளம் வந்துவிட்டால் மட்டும் இந்த ஒழுங்கு ஒன்றும் இல்லை. படகு வரும், உலருணவு வரும், கமெராவும் வரும். 2025 கடைசியில் வந்த டிட்வா புயலுக்குப் பிறகு வீடு துப்புரவாக்க வீட்டுக்கு 25,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். நல்லது, உபகாரம்தான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் 40 வீடு. பெருக்கிப் பாருங்கள், பத்து இலட்சம். ஒழுங்கை முடிகிற இடத்தில் அடைபட்டுக் கிடக்கிற மதகைத் தோண்டித் துப்புரவாக்க அதில் பாதியும் தேவையில்லை. வீட்டைக் கழுவக் கொடுக்கிற காசை, வீட்டுக்குள் தண்ணி வராமல் இருக்கக் கொடுக்க ஏன் கை வரமாட்டேன் என்கிறது? மதகைத் தோண்டினால் படம் வராது. அதுதான் காரணம். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மதகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா வட்டை விதானையாக, வயல்களுக்குத் தண்ணி பங்கிடுகிற பொறுப்பில், இருந்தவர். பெரும்போகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவு அவருடைய பொறுப்பு. மண்வெட்டி பிடிக்க வராதவனுக்குத் தண்ணி கடைசியாகத்தான், அது சொந்த மச்சானாக இருந்தாலும். அந்த மதகுக்கு மேலால் போகிற வீதியைக் கொங்கிறீற் போட்டு உயர்த்தினார்கள், கீழே கிடந்த குழாயை மாற்றவில்லை. வீதி அணைக்கட்டானது, எங்கள் வளவு குளமானது. அப்பா கடிதம் எழுதத் தொடங்கினார். வீதி ஒரு இடத்துக்குச் சொந்தம், மதகு இன்னொரு இடத்துக்கு, வயலுக்குள் போகிற வாய்க்கால் மூன்றாவது இடத்துக்கு, அது போய் விழுகிற வடிகான் நாலாவது இடத்துக்கு. ஒரு மதகுக்கு நாலு தகப்பன், சோறு போட ஒருவனும் இல்லை. கோப்பில் 14 கடிதங்கள் காபன் பிரதியோடு இருக்கின்றன. பதில் மூன்று. மூன்றிலும் ஒரே வசனம், "நிதி கிடைக்கப்பெற்றதும் கவனத்தில் எடுக்கப்படும்." 2011இல் தையிலும் மாசியிலும் இரண்டு தடவை வெள்ளம் வந்தபோது அப்பா முதலில் பரணில் ஏற்றியது அந்தக் கோப்பைத்தான், நெல் மூட்டை அதற்குப் பிறகு. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி ஏசுவார். அப்பா போய்விட்டார். கோப்பு நனையாமல் இருக்கிறது.

பெத்தா, என் பாட்டி, வயதுக் கணக்கைச் சொல்ல இரண்டே ஆண்டுதான் வைத்திருந்தார்: 57ஆம் ஆண்டு வெள்ளம், 78ஆம் ஆண்டு சூறாவளி. மற்ற எல்லாம் அதற்கு முந்தி, இதற்குப் பிந்தி. எனக்கு 2004, 2011. என் மகளுக்குப் பத்து வயது ஆகுமுன்னே 2024, 2025 என்று இரண்டு சேர்ந்துவிட்டது.

இனி பதில்கள். நாடு வங்குரோத்தாகிக் கிடக்கிறது, காசுக்கு எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு: 2022இல் கடன் கட்ட முடியாது என்று அறிவித்ததோடு வெளிநாட்டுக் காசில் நடந்த பல வேலைகள் நின்றது எனக்கும் தெரியும். உறுகாமம், கித்துள் குளங்களை இணைப்பது போன்ற பெரிய வேலைக்குக் கடன் வேண்டும், காலம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மதகைத் தோண்ட வெளிநாட்டுக்காரன் வர வேண்டுமா?

வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை நேரத்துக்கு வெட்டிவிட்டால் சரிதானே என்றும் ஒருவர். நேரத்தோடு வெட்டினால் மீன்பிடிக்கிறவர்கள் ஏசுவார்கள், பிந்தினால் வயல்காரர் ஏசுவார்கள், இரண்டிலும் நியாயம் இருக்கிறது. வாவிக்கு வந்து சேரவே வழியில்லாமல் எங்கள் வளவுக்குள் நிற்கிற தண்ணிக்கு முகத்துவாரம் என்ன செய்யும்?

அடுத்தது கொஞ்சம் சுடுகிற கேள்வி. சனங்கள்தானே கானுக்குள் குப்பை போடுகிறார்கள், பள்ளக்காணியை நிரப்பி மதில் கட்டுகிறார்கள் என்று. உண்மை. என்னைத் தெரிந்தவர் என்பதால்தான் அதைக் கேட்டிருக்கிறார் என்பதும் விளங்குகிறது. ஓம், நான் நகரத்தில் கட்டிய வீடு பள்ளக்காணிதான். கிறவல் கொட்டி உயர்த்தித்தான் கட்டினேன். எத்தனை லோட் என்று எண்ணுவதை இடையில் விட்டுவிட்டேன். முதல் மாரியிலேயே பின்வளவு மாமியின் அடுப்படிக்குள் தண்ணி போனது. அதற்கு அவர் என்னோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. ஆனால் அந்தக் காணிக்கு அனுமதி தந்தது யார்? ஒரு அலுவலகம், முத்திரை குத்தி, கட்டணம் வாங்கி. என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? சரி, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. இருக்கட்டும். அதனால் அம்மா கறுத்த தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்று சட்டமா?

இது படுவான்கரைக் கதை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் நடுவில் கிட்டங்கி வீதி மாரிக்கு மாரி தண்ணிக்குள் போகிறது, ஆற்றுவாழை வந்து பாலத்தை அடைக்கிறது. 2024 நவம்பர் 26, மாவடிப்பள்ளி. வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் மத்ரசாப் பிள்ளைகள் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு போனார்கள். அந்த இடத்தால் வெள்ளம் பாயும் என்பது அங்கே யாருக்குத் தெரியாது? அதற்கும் இயற்கை அனர்த்தம் என்றுதான் பெயர். மழை இயற்கை. வீதி யார் போட்டது?

இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொள்வேன். ஒருவர் எழுதியிருந்தார், படுவான்கரைச் சனத்துக்கு வெள்ளம் பழகிப்போச்சு, நகரத்தில் ஏசிக்குள் இருக்கிற நீதான் துள்ளுகிறாய் என்று. அதற்கு எண்பது பேருக்கு மேல் லைக். அதில் என்னோடு படித்தவர்கள் இருக்கிறார்கள். முழங்கால் தண்ணிக்குள் என் அம்மா ஆக்கிய சோறு தின்றவர்களும் இருக்கிறார்கள். பழகிப்போச்சாம். பாம்பு எந்தப் பக்கத்தால் வீட்டுக்குள் வரும் என்று தெரிந்து வைத்திருப்பதற்குப் பெயர் பழக்கமா?

அந்தப் படத்தைத் திரும்ப ஒருதடவை பாருங்கள். வலது ஓரத்தில், பதினோராவது ஆளின் தோளுக்குப் பின்னால், நீலக் குடத்தோடு ஒரு கிழவியின் பாதி முகம் தெரியும். மீதிப் பாதியைப் படம் எடுத்தவர் வெட்டிவிட்டார். அது என் அம்மா. காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்களாம், பிரமுகர்கள் வர பதினொன்றரை ஆகியிருக்கிறது. கிடைத்தது இரண்டு குடம். இரண்டாவது குடத்தைத் தூக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டிருக்கிறார்.

நேற்று இரவு அம்மா போன் எடுத்தார். யாரோ என் வரியை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "மனே, அதை எடுத்துடு. வெள்ளிக்கிழமை பவுசர் வராட்டி தண்ணிக்கு நான் எங்க போற?" என்றார். நான் எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஓம் அம்மா என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பவுசர் வந்ததா என்று அம்மாவிடம் கேட்டுக் கீழே போடுகிறேன்.