சும்மாதான் இருக்காங்க

போன வாரம் அம்மா பெயரில் ஒரு டெபாசிட் போட வங்கிக்குப் போயிருந்தோம். படிவத்தில் 'தொழில்' என்ற கட்டம் வந்ததும் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அம்மா வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், வீட்ல சும்மாதான் இருக்காங்க." சொன்னது நான்தான், அவர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அன்றைக்குக் காலை நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, மாவு அரைத்து, பாட்டியைக் குளிப்பாட்டி உடை மாற்றி, எனக்கும் அப்பாவுக்கும் டிபன் வைத்துவிட்டு, அடுப்பைத் துடைத்த ஈரக்கையோடுதான் வண்டியில் ஏறியிருந்தார்.

அப்பா ரிட்டயராகி மூன்று வருஷம். நியாயமாகப் பார்த்தால் எங்கள் வீட்டில் சும்மா இருப்பவர் அவர்தான். ஆனால் யார் கேட்டாலும் "ஓய்வு பெற்றுவிட்டார்" என்கிறோம், என்ன ஒரு மரியாதை! அம்மாவுக்கு ஓய்வும் கிடையாது, அந்தச் சொல்லும் கிடையாது.

இது வெறும் வாய்ப்பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 36 கோடிப் பெண்கள் 'வேலை செய்யாதோர்' கணக்கில், பிச்சை எடுப்பவர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். 2010-ல், விபத்தில் இறந்துபோன ஒரு குடும்பத் தலைவிக்கு எவ்வளவு இழப்பீடு என்ற வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. செத்த பிறகுதான் அவர் செய்தது வேலையா இல்லையா என்றே கணக்குப் பார்க்கிறோம்.

அப்புறம் இந்த 'ஹெல்ப்'. 2024-ல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை பார்ப்பவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-க்குத்தான் "எங்க வீட்டுக்காரர் எனக்கு ரொம்ப ஹெல்ப் பண்ணுவார்" என்ற பாராட்டு. ஹெல்ப் என்றாலே அது அவள் வேலை, இவர் போனால் போகிறதென்று கை கொடுக்கிறார் என்று ஆகிவிடுகிறது. (சும்மா இருப்பதே சுகம் என்று பாடிய சாமியார்களுக்கும் யாரோ ஒருத்திதான் சோறு போட்டிருப்பாள்.)

கவுண்டர்காரர் 'இல்லத்தரசி' என்று எழுதினார். அதற்கு நேர் கீழே, ஆண்டு வருமானம்: இல்லை.

அம்மா அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், "நான் இன்னிக்குச் சும்மாவே இருக்கேன்டா, பாட்டிக்கு நீ சோறு வச்சுக் குடு" என்றார். வைத்தேன். குழைந்து கூழாகிவிட்டது. பாட்டிக்குப் பல் இல்லை, அதனால் தப்பித்தேன்.