மிதிவெடி அகற்றியதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை

கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையில் மிதிவெடிகளைப் புதைத்தவர்கள் இரு தரப்பினரும்தான். 2000ஆம் ஆண்டு ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் வீழ்ந்தது முதல் போரின் இறுதிக்கட்டம் வரை, இராணுவத்தினதும் விடுதலைப் புலிகளினதும் முன்னரங்க நிலைகள் முகமாலை அடங்கிய பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தின் தென்னங்காணிகளை ஊடறுத்தே நின்றன. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 வெடிகளும் புலிகள் தாமே செய்த ஜொனி வெடிகளும் ஒரே மண்ணுக்குள் கிடந்தன. புதைத்தவரே அகற்றட்டும் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். சட்டத்தின் முன் நிறுத்துவதற்கு இரு தரப்பில் ஒரு தரப்பு இப்போது இல்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச ஒட்டாவா உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை, யார் புதைத்தார் என்று கேட்பதே இல்லை. தனது நியாயாதிக்கத்திலோ கட்டுப்பாட்டிலோ உள்ள நிலத்தில் கிடக்கும் ஆளெதிர்ப்பு மிதிவெடிகளைப் பத்து ஆண்டுகளுக்குள் அழிப்பது அந்தந்த அரசின் கடமை. 1982இல் தன் கட்டுப்பாட்டிலுள்ள ஃபோக்லாந்து தீவுகளில் போரின்போது ஆர்ஜென்டினா புதைத்த வெடிகளைப் பிரித்தானியா அந்தக் கடமையின்படியே 2020இல் அகற்றி முடித்தது. உடன்படிக்கையில் சேராத எகிப்தோ, இரண்டாம் உலகப் போரில், 1942இல், தன் மண்ணிலுள்ள எல் அலமைனில் போரிட்ட நாடுகளே பொறுப்பேற்க வேண்டும் எனப் பல தசாப்தங்களாகக் கோரி வருகிறது. கோரிக்கையில் நியாயம் உண்டு; ஆயினும் அந்தப் பாலைவனத்தில் வெடிகள் இன்னும் மிஞ்சியே இருக்கின்றன.

இலங்கை 2017 டிசம்பரில் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. அது 2018 ஜூன் 1இல் நமக்கு நடைமுறைக்கு வந்ததால், நமக்குள்ள காலக்கெடு 2028 ஜூன் 1. 2022இல் மிதிவெடிகளைத் தடைசெய்யும் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. இராணுவத்தின் வெடியகற்றும் பிரிவும் ஹேலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற வெடியகற்றும் தொண்டு அமைப்புகளும் களத்தில் உழைத்துள்ளன. முகமாலை மணலில் கனமான வாரியால் மண்ணைச் சுரண்டி, இலேசான வாரியால் தம் பக்கம் இழுத்து, அங்குலம் அங்குலமாகத் தேடியவர்களில் பலர் குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள். ஆனால் இப்பணிக்கான பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவியாகவே வருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவிகளை இடைநிறுத்தியபோது உலகின் பல நாடுகளில் வெடியகற்றும் பணி தடைப்பட்டது. கடமை அரசினது என்றால் அதற்குரிய ஒதுக்கீடும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் இருந்தாக வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, நிலத்தில் வெடிகள் அகற்றப்பட்டன என்ற சான்றிதழ் கையளிக்கப்பட்ட பிறகு நடப்பவற்றைப் பற்றியது. 5ஆம் உறுப்புரை வெடிகளை அழிப்பதுடன் நின்றுவிடுகிறது. காணிக்காரரின் சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. எல்லைக் கற்கள் இல்லை, காணி உறுதிகளும் அரச காணிக்கான அனுமதிப்பத்திரங்களும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர், நிலத்தைப் பயிரிட்டுப் பேண வேண்டும் என்ற நிபந்தனைக்கும் உட்பட்டவர். கால் வைக்கவே முடியாமலிருந்த நிலத்தை எப்படிப் பேணுவது? போர்க்காலத்தில் பற்றையும் மரமும் மூடிய காணிகளை வடக்கின் பல இடங்களில் வனவளத் திணைக்களம் காடென்று அடையாளமிட்டிருக்கிறது. உரிமையாளர் திரும்பி வர முடியாததால் வளர்ந்த காடு, அவருக்கு எதிரான சாட்சியாக மாறுவதை எந்த நீதியாலும் ஏற்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெடியகற்றல் குறித்த ஓர் ஆழம் வரைக்குமே செய்யப்படுகிறது. தென்னங்கன்று நட மூன்றடிக் குழி வெட்ட வேண்டும். கிணற்றுக்கு அதைவிடப் பன்மடங்கு ஆழம் தோண்ட வேண்டும். மண்வெட்டியைப் போடுமுன், காணிக்குத் திரும்பிய குடும்பம் தயங்கினால் அது வீண் பயமல்ல. கிணறு வெட்டும் இடத்தை மீண்டும் சோதித்துத் தரும்படி எழுத்தில் கேட்கவும், குறித்த நாட்களுக்குள் பதில் பெறவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். அந்தக் கன்று காய்க்கும் வரையிலான ஆறேழு ஆண்டுகளுக்கு வாழ்வாதார உதவியும் வேண்டும்.

2028இற்குள் பணி முடியாவிட்டால் அரசு கால நீடிப்புக் கோரும். அந்த விண்ணப்பம் நாடாளுமன்றத்தில் பேசப்பட வேண்டும் என்றும், துப்புரவாக்கப்பட்ட ஒவ்வொரு காணியும் எந்தத் திகதியில் எவரிடம் கையளிக்கப்படும் என்ற பட்டியல் அதனோடு இணைக்கப்பட வேண்டும் என்றும் வடக்கு, கிழக்கின் பிரதிநிதிகள் இப்போதே கேட்க வேண்டும்.