17 அங்குலச் சக்கரமும் சானிக் கணவாயும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் என்3 நெடுஞ்சாலையில், ஏறக்குறைய பாதித் தூரத்தில் இருக்கும் ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம், யாராவது ஒருவர் வந்து என் பைக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் கேட்டவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த ஒரு பெரியவர். நானும் மனைவியும் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அருகில் வந்தவர், "தம்பி, இங்கே 120-க்கு மேலே போனால் அபராதம். இவ்வளவு சக்தியுள்ள வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?" என்றார். குழாயைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த பணியாளரும் பதிலுக்காக என்னைப் பார்த்தார். அன்று சொன்னது அரைகுறைப் பதில். முழுப் பதிலை எழுத உட்கார்ந்தபோதுதான், இந்த வகை வண்டிகளைப் பற்றி எல்லோரும் தவறான இடத்தில் சண்டை பிடிக்கிறோம் என்று தோன்றியது.

பந்தய வண்டிக்குரிய எஞ்சினையும் பிரேக்கையும், சாகசப் பயண வண்டிக்குரிய உயரமான உடலில் பொருத்திச் செய்யப்படும் வகையைத்தான் சொல்கிறேன். 2015-இல் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ எஸ் 1000 எக்ஸ்ஆர் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அந்நிறுவனத்தின் பந்தயக்கள வண்டியிலிருந்து பிறந்த 999 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின், தொடக்கத்தில் 160 குதிரைத்திறன் தந்தது. 2024 வடிவத்தில் அது 170. டுகாட்டியின் மல்ட்டிஸ்ட்ராடா வி4-உம் 170 குதிரைத்திறன் கொண்டது. கேடிஎம் 1290 சூப்பர் அட்வெஞ்சர் எஸ், இரண்டே சிலிண்டரில் 160-ஐ எட்டுகிறது. என்னிடம் இருப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். எந்த நிறுவனத்துடையது என்று சொன்னால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

பெரியவரின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சமதளத்தில் மணிக்கு 120 கிலோமீட்டரில் ஒரு பைக்கை ஓட்ட இருபது, இருபத்தைந்து குதிரைத்திறனே போதுமானது. ஆனால் என்3 சமதளம் அன்று. கடல் மட்டத்தில் புறப்பட்டு, வான் ரீனன் கணவாயில் 1,600 மீட்டரைத் தாண்டி, 1,700 மீட்டருக்கும் மேல் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கை அடைகிறோம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத எந்த எஞ்சினும் தன் வலிமையில் ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. காகிதத்தில் 170 என்று எழுதியிருப்பது அங்கே 140 சொச்சம்தான். பின்னிருக்கையில் மனைவி, இரு பக்கமும் பெட்டிகள், கணவாயின் ஏற்றத்தில் எறும்பு வரிசையாக ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகள். அவற்றில் ஒன்றை முந்துவதற்கு எதிர்த்தடத்திலோ பக்கத் தடத்திலோ நான் செலவிடும் நேரம் ஐந்து விநாடியா பத்து விநாடியா என்பதே என் உயிருக்கான கணக்கு. ஆகவே, வேக வரம்பைக் காட்டி இந்த வண்டிகளின் வலிமையைக் கேலி செய்வதை நான் ஏற்பதில்லை. அந்த வலிமை உச்ச வேகத்துக்காக இருப்பதாக நினைப்பவர்கள், நிறைசுமையோடு ஒரு முறை இந்தப் பாதையில் வந்து பார்க்கட்டும்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வண்டி வகையின் பெயரில் இருக்கும் 'சாகசம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

விவரக் குறிப்பில் யாரும் படிக்காத வரி ஒன்று உண்டு: முன்சக்கரத்தின் விட்டம். எக்ஸ்ஆருக்கு முன்னும் பின்னும் 17 அங்குலம். அதாவது பந்தய வண்டிக்கு உரிய அளவு. சஸ்பென்ஷன் அசையும் தூரம் முன்னே 150, பின்னே 140 மில்லிமீட்டர். அதே நிறுவனத்தின் ஆர் 1250 ஜிஎஸ் வண்டியிலோ முன்சக்கரம் 19 அங்குலம், சஸ்பென்ஷன் 190, 200 மில்லிமீட்டர். அதன் எஞ்சின் 136 குதிரைத்திறனோடு நின்றுவிடுகிறது. ஆனால் 143 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை, எஞ்சின் நிமிடத்துக்கு 6,250 சுற்று சுற்றும்போதே கொடுத்துவிடுகிறது. எக்ஸ்ஆர் தன் 114-ஐத் தருவதற்கு 9,250 சுற்று வரை காத்திருக்க வேண்டும். சரளையில் மெதுவாக ஊர்ந்து ஏறுகிறவனுக்கு இந்த இரண்டில் எது வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கேடிஎம் இதை இன்னும் நேர்மையாகச் செய்கிறது என்பேன்: ஒரே எஞ்சினை வைத்துக்கொண்டு, தார்ச்சாலைக்காரருக்கு 19 அங்குல முன்சக்கரத்தோடு எஸ், மண்சாலைக்காரருக்கு 21 அங்குலத்தோடு ஆர் என்று இரண்டாகப் பிரித்து விற்கிறது.

சக்கரம் பெரிதானால் பள்ளத்தின் விளிம்பில் அது மோதும் கோணம் தணிகிறது. விழாமல் உருண்டு ஏறிவிடுகிறது. ஒடுங்கிய டயர் சரளையைக் கிழித்துக்கொண்டு கீழேயுள்ள கெட்டித் தரையைத் தொடுகிறது. அகலமான 17 அங்குல டயரோ சரளையின் மேல் மிதக்கிறது. இதில் ரகசியம் எதுவும் இல்லை. மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் ஆளுயரம் இருந்தது என்று நம் தாத்தாக்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இந்த இனத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. 2010-இல் வந்த மல்ட்டிஸ்ட்ராடா 1200-ஐ, ஒரே வண்டிக்குள் நான்கு வண்டிகள் என்று விளம்பரப்படுத்தினார்கள். ஓட்டும் விதத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் நிலைகளில் நான்காவது, மண்பாதைக்கான 'எண்டூரோ'. சக்கரங்கள் மட்டும் இரண்டும் 17 அங்குலம். அமெரிக்காவின் கொலராடோவில், 4,302 மீட்டர் உயரச் சிகரத்தில் முடியும் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில்தான் அந்த வண்டி தன் பெயரை நிலைநாட்டியது. 2012-இல் கார்லின் டன் அதை 9 நிமிடம் 52 விநாடியில் மேலே கொண்டுசென்று, பத்து நிமிடத்துக்குள் ஏறிய முதல் பைக் வீரரானார். முன்பு மண்ணாக இருந்த பகுதிகள் எல்லாம் மூடப்பட்டு, பாதை முழுவதும் தாராக மாறியபின் நடந்த முதல் பந்தயம் அது. மண் மறைந்த ஆண்டில்தான் சாகச வண்டி சாதனை படைத்தது! இதைப் பல நாள் எண்ணி எண்ணிச் சிரித்திருக்கிறேன்.

சிரிப்பதற்கான தகுதியை நான் விலை கொடுத்தே வாங்கினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், வண்டி எடுத்த கடையில் "சானிக்கும் தாராளமாகப் போகலாம்" என்று சொன்னதை நம்பி, ஹோவிக்கிலிருந்து ஆர்617 வழியாக அண்டர்பெர்க், ஹிமவில் சென்று, லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் சானிக் கணவாயை நோக்கித் திரும்பினேன். 2,800 மீட்டருக்கு மேல் முடியும் பாதை அது. நான்கு சக்கர இயக்கம் இல்லாத கார்களை எல்லைச் சாவடியில் மேலே விடுவதில்லை. பைக்குகளுக்கு அந்தத் தடை இல்லை என்பது என் துணிச்சலை இன்னும் ஏற்றிவிட்டது. உருளைக்கற்கள் நிறைந்த ஒரு கொண்டை ஊசி வளைவில், நடந்து போகும் வேகத்தில், முன்சக்கரம் என் பேச்சைக் கேட்காமல் தன் போக்கில் வெளிப்பக்கம் நழுவியது. எனக்குக் காயமில்லை. கிளச்சு நெம்புகோல் உடைந்தது, ரிம் நெளிந்தது. 230 கிலோ வண்டியைச் சரிவில் தூக்கி நிறுத்த, பின்னால் பாக்கியில் வந்த இருவர் உதவினார்கள். (சிறு சரக்கு வண்டியை இங்கே 'பாக்கி' என்போம், கடன் பாக்கி அன்று, அவர்களுக்கு நான் பட்ட நன்றிக் கடன் வேண்டுமானால் பாக்கி.) குற்றம் வண்டியுடையது அன்று. சக்கரத்தின் அளவைப் படிக்காமல் பெயரை மட்டும் படித்தவனுடையது.

அப்படியானால் அந்த உயர்ந்த உடல் வெறும் வேடமா என்றால், இல்லை. ஐம்பதைக் கடந்த என் முதுகும் முழங்காலும், குனிந்து ஓட்டும் பந்தய வண்டியில் 570 கிலோமீட்டரைத் தாங்காது. 840 மில்லிமீட்டர் உயர இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தால், முன்னால் போகும் கார்களின் கூரைக்கு மேலாகப் பார்வை செல்கிறது. எங்கோ மின்னும் பிரேக் விளக்கு முன்கூட்டியே தெரிகிறது. அகன்ற ஹேண்டில்பாரால், இத்தனை எடையையும் வளைவுகளில் விரல்நுனியில் சாய்க்க முடிகிறது. டிராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரத் தார்ச்சாலைகளில் இதைவிட இன்பமான ஒரு வண்டியை நான் ஓட்டியதில்லை. உயரம் மண்ணுக்காகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அது முதுகுக்காகவும் கண்ணுக்காகவும் பயன்படுகிறது. அந்தக் காரணத்தையே சொல்லி விற்றால் என்ன குறைந்துவிடும்? தென்னாப்பிரிக்கச் சாலைகளில் பெரும்பகுதி இன்னும் மண்ணாகவே இருக்கும்போது, 'சாகசம்' என்ற அந்த ஒரு சொல்லை நம்பி வாங்குகிறவர்கள் என்னைப் போலவே ஏதோ ஒரு வளைவில் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருக்கும் ஒரு தம்பி இந்த இனத்தில் ஒன்றை வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அவருடைய மாமனார் வீடு மண்சாலையில் பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மாதம் இரு முறை போகிறவர். ஜிஎஸ்ஸையோ 21 அங்குலக்காரனையோ பார்க்கச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் நானும் மனைவியும் மறுபடியும் சானிக்குப் போகிறோம். ஹிமவில் வரை பைக்கில். அங்கிருந்து மேலே, சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்லும் நான்கு சக்கர இயக்க வண்டியில் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.